மலைக்குத் தேதி குறித்தாயிற்று

குழந்தைகள் புற்றுநோய் அறக்கட்டளை ஒன்றுக்காகக் கிளிமஞ்சாரோ மலை ஏறப்போகிறேன், நன்கொடை தாருங்கள் என்று நான் அனுப்பிய செய்திக்கு முதலில் வந்தது பணம் இல்லை, கேள்வி. "நீ மலை ஏறுறதுக்கும் அந்தக் குழந்தைங்க வைத்தியத்துக்கும் என்னடா சம்பந்தம்? ஏறாம கேட்டா நாங்க தர மாட்டோமா?" கல்லூரியிலிருந்து கூடவே வரும் நண்பன். எதையும் நேராகக் கேட்டுவிடுவான், கேட்டுவிட்டுக் கொடுக்கவும் செய்வான். கேள்வி நியாயமானதுதான். ஆப்பிரிக்காவில், தான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோவின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 5,895 மீட்டர். அங்கே நான் போய் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வதால் எந்தக் குழந்தைக்கும் ஒரு ஊசி மருந்துகூடக் கூடுதலாகக் கிடைக்கப் போவதில்லை.

அப்புறம் எதற்கு மலை? பாதிப் பதில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் இருக்கிறது. கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபிர் என்ற இரண்டு உளவியலாளர்கள், நற்காரியத்துக்குப் பணம் கொடுக்கும் வழி எப்படி இருந்தால் மனிதர்கள் தாராளமாக இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். சும்மா கூடிச் சாப்பிட்டுக் கலையும் நிகழ்ச்சி என்றால் ஓர் அளவு; வேர்க்க விறுவிறுக்க ஓட வேண்டும் என்றால் அதைவிடக் கூடுதல். வலியும் உழைப்பும் சேர்ந்தால் அந்தக் காரியத்துக்கே ஒரு கனம் வந்துவிடுகிறது. அறிவுக்குப் பொருந்தாத கணக்குதான், ஆனால் மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறோம், நானும் அப்படித்தான். யாராவது நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப்போகிறேன் என்று சொல்லிக் கேட்டால் என் கை தானாகக் கொஞ்சம் தாராளமாகும்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது, அதை யாரும் நன்கொடைக் கடிதத்தில் எழுத மாட்டார்கள். ஸ்காட்லாந்தில் அறப்பணிக்கு நிதி திரட்டுவதற்காகப் பாராசூட்டில் குதித்தவர்களைப் பற்றி 1999-ல் எலும்பு முறிவு மருத்துவர்கள் ஒரு கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். காலை உடைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு அரசு மருத்துவத் துறை செய்த செலவையும் அவர்கள் திரட்டிய பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், திரட்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் மருத்துவத் துறைக்கு 13.75 பவுண்டு செலவு. அதைப் படித்த அன்று நன்றாகச் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது, உட்கார்ந்தே வேலை பார்க்கும், ரத்த அழுத்தம் எல்லையில் நிற்கும் ஓர் ஆள் ஆறாயிரம் மீட்டர் மலைக்குக் கிளம்புகிறேன் என்று சொன்னால் அந்தக் கணக்கில் நானும் ஒரு வரியாகச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று.

ஆகவே ஆரம்பத்திலேயே இரண்டு விஷயங்களை எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். என் பயணச் செலவு முழுக்க என்னுடையது, விமானம், வழிகாட்டி, பூங்காக் கட்டணம், சுமைதூக்கிகளுக்கான கூலி, கம்பளிக் குல்லா வரை. நீங்கள் தருவது எதுவும் என் கை வழியாக வராது, அறக்கட்டளையின் கணக்குக்கு நேராகப் போகும். பல இடங்களில் இப்படி இல்லை. குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டிக் கொடுத்தால் உங்கள் பயணத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் திட்டங்கள் உண்டு, அதில் திரட்டிய பணத்தில் ஒரு பங்கு ஏறுகிறவரின் பயணத்துக்கே போய்விடும். அது சட்ட விரோதம் இல்லை, பலரும் வெளிப்படையாகச் சொல்லித்தான் செய்கிறார்கள். எனக்குத்தான் ஒப்பவில்லை. சித்தி கொடுத்த பணத்தில் நான் ஜாலியாக ஊர் சுற்றிவிட்டு வந்தேன் என்று அவர் ஒருநாள் நினைக்க இடம் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மீதிப் பாதிப் பதில் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருந்தது.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி எனக்கு 6.2. 5.7-க்குக் கீழே என்றால் சரி, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் நிற்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பெயர் 'பார்டர்'. ரத்த அழுத்தம் 140-ஐ ஒட்டி. மருத்துவர் நல்லவர், பயமுறுத்தவில்லை. "இப்ப மாத்திரை வேண்டாம். நடங்க, எடையைக் குறைங்க, மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்றார். இதே வார்த்தைகளை இதே தொனியில் முந்தைய வருடமும் கேட்டிருக்கிறேன். நடங்க என்று சொல்வது சரியான மருந்துதான், அதில் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் இதே பார்டர் ஆட்களை மூவாயிரத்துக்கும் மேல் சேர்த்து நடத்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2002-ல் வெளிவந்தது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி, இவ்வளவுதான் இலக்கு. அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவில் குறைந்தது 31 சதவீதம்.

இந்த 58-ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த ஆய்வில் இன்னொன்று இருந்தது, அதைச் சொல்பவர்கள் குறைவு. ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு பயிற்சியாளர் இருந்தார், முதல் 24 வாரங்களில் 16 பாடங்களை உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தார், எடை என்ன ஆச்சு, எவ்வளவு நடந்தீர்கள் என்று விடாமல் கேட்டார். கேட்க ஓர் ஆள் இருந்தார். என் மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏழு நிமிடம் கேட்பார், அதுவும் நான் போனால். நடுவில் இருக்கிற நாட்களில் மழை பெய்தால் நடக்க மாட்டேன், வேலை இருந்தால் நடக்க மாட்டேன், வேலை இல்லாத நாளில் தூங்கிவிடுவேன். உடம்பு சரியாக வேண்டும் என்பதற்குத் தேதி கிடையாது பாருங்கள், எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், அதனால் எப்போதும் ஆரம்பிக்க மாட்டோம்.

மலைக்குத் தேதி உண்டு. அதுவும் அடுத்தவர்களுடைய பணம் சேர்ந்த தேதி. அலுவலகத்தில் இந்தக் குழந்தைகள் புற்றுநோய் அறக்கட்டளைக்காக ஒரு குழு கிளம்புகிறது என்று தெரிந்ததும் பெயர் கொடுத்தேன், நாற்பது பேருக்குச் செய்தி அனுப்பினேன், அன்றிலிருந்து எனக்கு நாற்பது பயிற்சியாளர்கள். "என்ன தம்பி, நடக்கிறியா?" என்று ஒரு பெரியப்பா வாரம் தவறாமல் கேட்கிறார். நன்கொடையை இன்னும் அனுப்பவில்லை, கேட்பதை மட்டும் நிறுத்துவதில்லை.

சரி, பயிற்சிக்கு வருவோம்.

கிளிமஞ்சாரோவுக்குக் கயிறு வேண்டாம், பனிக்கோடரி வேண்டாம். நடந்தே போகும் மலை. 1889-ல் ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும் முதன்முதலாக உச்சிக்குப் போனபோது பனி வெட்டிப் படி செய்துகொண்டுதான் போனார்கள், இப்போது வழக்கமான பாதைகளில் அந்தத் தேவை இல்லை. இதனாலேயே ஒரு தப்பெண்ணம் உண்டு, நடக்கத் தெரிந்தால் போதும் என்று. நடக்கத்தான் வேண்டும், ஆனால் தினமும் பல மணி நேரம், தொடர்ந்து பல நாள், நன்றாகத் தூங்காமல், கூடாரத்தில். கடைசி நாள் கதையே வேறு. நாங்கள் போகும் லெமோஷோ பாதையில் கடைசி முகாம் பராஃபு, ஏறக்குறைய 4,670 மீட்டரில். நள்ளிரவு வாக்கில் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு கிளம்பி, விடியும் நேரத்தில் உச்சி. 1,200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஏற்றம். அன்றே இறங்கி 3,100 மீட்டரில் இருக்கும் ம்வேக்கா முகாமுக்கு வந்துவிட வேண்டும்.

இந்தக் கணக்கை நான் மாடிப்படியில் போட்டுப் பார்த்தேன். ஒரு மாடி மூன்று மீட்டர் என்று வைத்தால் ஏற்றம் நானூறு மாடி. இறக்கம் தொள்ளாயிரத்துக்கும் மேல். எல்லோரும் ஏறுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள், பயிற்சி அட்டவணைகளிலும் ஏற்றம்தான் நிறைந்திருக்கிறது, ஆனால் அந்த ஒரு நாளில் ஏறுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இறங்க வேண்டும், அதுவும் இரவு முழுக்க விழித்த கால்களோடு.

எங்கள் குடியிருப்பில் பதினான்கு மாடி. காலை ஐந்து மணிக்குப் படிக்கட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அசைவு தெரிந்தால் எரியும் விளக்கு, ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு நொடி தாமதமாக எரியும், அதனால் முதல் படியை இருட்டில்தான் வைக்க வேண்டும், கால் தானாகத் தேடிக் கற்றுக்கொண்டது. முதுகுப்பையில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள். எடையைப் பாட்டிலாக வைப்பதில் ஒரு வசதி உண்டு, அனுபவசாலிகள் சொல்லிக்கொடுத்தது: ஏறும்போது சுமந்துகொண்டு போய் மேலே ஊற்றிவிடலாம், இறங்கும்போது வெறும் பை, முழங்காலுக்கு நல்லது. மொட்டை மாடித் தொட்டிச் செடிகள் இந்த வருடம் என் புண்ணியத்தில் செழிப்பாக இருக்கின்றன. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த காவலாளி ஒருநாள் கேட்டே விட்டார். "சார், லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது?" விவரம் சொன்னேன். இப்போது அவரும் கேட்கிறார், இன்னிக்கு எத்தனை தடவை சார் என்று. நாற்பத்தொன்றாவது பயிற்சியாளர்.

படிக்கட்டைப் பற்றிச் சொல்லும்போது ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளரை விட்டுவிட முடியாது. லண்டனில் ஈரடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், நடத்துநர் சீட்டுக் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே பேருந்து, ஒரே சாலை, ஆனால் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று மோரிஸும் அவர் கூட்டாளிகளும் 1953-ல் வெளியிட்டார்கள். உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை எண்களாகக் காட்டிய ஆரம்பகால வேலைகளில் அது முக்கியமானது. எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதற்குப் பிறகு அவர் செய்ததுதான். தன் முடிவையே சந்தேகப்பட்டு, சீருடைக்கு எடுத்த அளவுகளைப் போய்த் தோண்டினார். ஓட்டுநர்களின் இடுப்பளவு வேலைக்குச் சேரும்போதே பெரிதாகத்தான் இருந்தது. படிக்கட்டு மட்டுமே காரணம் இல்லை போலிருக்கிறது என்று அதையும் 1956-ல் அவரே வெளியிட்டார். உடற்பயிற்சி பற்றி ஏதாவது படித்தால் உடனே துள்ளிக் குதிக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பொறுமை இருக்கிறது?

வேகம் பற்றி. இந்த மலையில் வழிகாட்டிகள் 'போலே போலே' என்று சொல்லிக்கொண்டே நடப்பார்களாம், மெதுவாக, மெதுவாக. பயிற்சியும் பெரும்பகுதி அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது பலருக்குக் கசக்கும் செய்தி, எங்கள் குழுவில் இரண்டு இளைஞர்களுக்கு இன்னும் கசக்கிறது. மூச்சு வாங்க ஓடிவிட்டுப் படுத்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. ஆனால் மணிக்கணக்கில் நடப்பதற்குத் தேவையானது தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுவதும், கொழுப்பை எரித்துச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதும். இது நிதானமான, நீண்ட நேர உழைப்பில்தான் நன்றாக நடக்கும். அளவுகோல் எளிது, கடிகாரம்கூட வேண்டாம். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. வாரத்தில் பெரும்பாலான நாள் இந்த வேகம், ஏதாவது ஒருநாள் மட்டும் படிக்கட்டில் நெஞ்சு அடைக்கும் அளவுக்கு ஏற்றம், வார இறுதியில் ஒரு நீண்ட நடை, அது வாரத்துக்கு வாரம் கொஞ்சம் நீளும், நான்காவது வாரம் சுருங்கும். சுருக்கும் வாரத்தில்தான் உடம்பு பலமாகிறது என்பதை நம்ப எனக்கு நாளாயிற்று.

சர்க்கரைக்கும் இந்த மெதுநடைதான் மருந்து என்பது நல்ல தற்செயல். தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திருக்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத என் போன்ற உடம்புக்கு இது பின்வாசல். சாப்பிட்டு முடித்ததும் உட்காராமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே உணவுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக ஏறும். இதை மலைக்காகச் செய்யவில்லை, ஆனால் மலையைச் சாக்காக வைத்துத்தான் செய்கிறேன். மதியம் எல்லோரும் நாற்காலியில் சரியும் நேரத்தில் நான் மட்டும் படிக்கட்டை நோக்கிப் போனால் முன்பு சங்கடமாக இருந்திருக்கும். இப்போது "மலைக்காரர் கிளம்பிட்டார்" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள்.

சாப்பாடு பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. தட்டில் மாவுச்சத்தைக் குறைத்தேன், புரதத்தையும் காய்கறியையும் கூட்டினேன், இரவு சாப்பிடும் நேரத்தை முன்னே தள்ளினேன். நீண்ட நடை இருக்கும் நாளில் மாவுச்சத்தைக் குறைக்கவில்லை, குறைத்தால் கால் பாதி வழியில் நின்றுவிடும்.

இறக்கத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் மிகவும் வலித்த பகுதி. படி ஏறும்போது தொடைத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்க வேண்டும், வண்டியில் பிரேக் போல. நீளும்போது தாங்கும் தசையிழைகளில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படும், வலி அன்று தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும். முதன்முதலாகச் சுமையோடு பலமுறை இறங்கியதற்கு மறுநாள் நான் கழிப்பறையில் கைப்பிடியைப் பிடிக்காமல் உட்கார முடியவில்லை, அலுவலகத்தில் படிக்கட்டை எதிர்கொள்ளும் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் நண்டு நடைதான். ஆனால் இந்த உடம்புக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. ஒருமுறை இப்படி அடிபட்ட தசை அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவு அடிபடாது, அந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்கு நிற்கும். ஆகவே தண்ணீரை மேலே ஊற்றும் வசதியைப் படிப்படியாக விட்டேன், முதலில் பாதியை ஊற்றினேன், பிறகு முழுச் சுமையோடும் இறங்கினேன். தொட்டிச் செடிகள் பாடு திண்டாட்டம்.

இதோடு வாரத்துக்கு இரண்டு முறை வலுப் பயிற்சி. ஸ்குவாட், ஒற்றைக் காலில் பெட்டி மேல் ஏறி மூன்று எண்ணிக்கையில் மெதுவாக இறங்குவது, கெண்டைக்காலுக்கு நுனிக்கால் பயிற்சி, முதுகுக்கு இரண்டு. எனக்கு ஜிம் பிடிக்காது, கண்ணாடிகளும் பாட்டும் சேர்ந்து தலைவலி வரும். வீட்டிலேயே செய்கிறேன். முழங்கால் வலிக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன், தொடையும் பிட்டமும் பலமானதும் முழங்கால் வாயைத் திறக்கவில்லை. ஊன்றுகோல் இரண்டு வாங்கிவைத்து, அதோடும் நடந்து பழகினேன், பழகாமல் மலையில் போய் முதன்முதலாகப் பிடித்தால் அதுவே காலைத் தட்டும். காலணியும் அப்படித்தான். புதுக் காலணி போட்டுக்கொண்டு மலைக்குப் போவது கொப்புளத்துக்கு அழைப்பிதழ் அனுப்புவது. என் வலது குதிகாலில் ஓர் இடம் எப்போதும் சிவக்கும், அந்த இடத்தில் நடை ஆரம்பிக்கும் முன்பே டேப் ஒட்டிவிடுகிறேன். கால் விரல் நகங்களை ஒட்ட வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் இறக்கத்தில் நகம் காலணியின் முனையில் மோதிக் கறுத்துப்போகும்.

இவ்வளவும் செய்தாலும் ஒன்றுக்குப் பயிற்சி கிடையாது. உயரம். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. காற்றில் ஆக்ஸிஜன் விகிதம் அதே 21 சதவீதம்தான், ஆனால் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது பாதி. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார், மலை நடையர்கள் இன்றும் வைத்திருக்கிறார்கள்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதன் மேல் அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. பராஃபுவிலிருந்து உச்சிக்கு ஐந்து கிலோமீட்டர் வழி, 1,200 மீட்டர் ஏற்றம். அவர் கணக்கில் மூன்று மணி நேரம். நிஜத்தில் ஆறு, ஏழு மணி நேரம் ஆகும். அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி உயரத்தின் வேலை.

நல்ல உடல்தகுதி மலைநோயைத் தடுக்காது என்பதைத்தான் எங்கள் குழு இளைஞர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாரத்தான் ஓடுபவருக்கும் வரும், எனக்கும் வரும். சொல்லப்போனால் தெம்பு இருப்பவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அசதி என்று ஆரம்பிக்கும். மோசமானால் நுரையீரலில் நீர் கோக்கும், அல்லது மூளை வீங்கித் தள்ளாட்டமும் குழப்பமும் வரும், அப்போது இறங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது, விடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. தடுப்பு என்று பார்த்தால் நாள்தான். மூவாயிரம் மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது பொதுவான வழிகாட்டுதல். எட்டு நாள் பாதையை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம். அதில் ஒருநாள் 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் வரை ஏறிவிட்டு, தூங்குவதற்கு நாலாயிரத்துக்குக் கீழே இருக்கும் பராங்கோவுக்கு இறங்கிவிடுவோம். மலைநோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது. விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். இரவில் அத்தனை குளிரில் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து வெளியே போவதை நினைத்தால்தான் எனக்கு உச்சியைவிடப் பயம். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். என் இதயத்தையும் டிரெட்மில்லில் ஓடவைத்துப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் சரி என்றார்.

இங்கேதான் நன்கொடை மறுபடி உள்ளே வருகிறது, கொஞ்சம் ஆபத்தாக. என் நண்பர்களில் ஒருவர் தாராள மனசோடு, "உச்சியைத் தொட்டா இரண்டு மடங்கு தரேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை, கொஞ்சம் வருத்தம்கூட. ஆனால் யோசித்துப் பாருங்கள், 5,500 மீட்டரில், பூஜ்யத்துக்குப் பத்து டிகிரிக்கும் கீழே, தலை பிளக்கும் வலியோடு ஒருவன் நிற்கிறான், வழிகாட்டி இறங்கலாம் என்கிறார். அந்த நேரத்தில் அவன் மூளையில், ஏற்கனவே ஆக்ஸிஜன் குறைந்து சரியாக யோசிக்காத மூளையில், இன்னும் கொஞ்சம் போனால் ஒரு குழந்தைக்கு இவ்வளவு கூடுதல் என்ற எண்ணம் இருக்கவே கூடாது. அவன் பொய் சொல்லுவான், தலைவலி இல்லை என்பான். ஆகவே என் இரண்டாவது கடிதத்தில் தடித்த எழுத்தில் ஒரே வரி: நான் எங்கே திரும்பினாலும் உங்கள் தொகை மாறாது, அப்படி மாறும் தொகை எனக்கு வேண்டாம். அறப்பணி மலையேற்றங்களை நடத்துகிற எல்லோரும் இந்த வரியைப் போட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தெரிந்தவர்கள் யாராவது ஊக்கம் கொடுக்கிறேன் என்று இந்த இரட்டிப்புச் சலுகையை நீட்டினால் கைகூப்பி மறுத்துவிடுங்கள்.

சுமைதூக்கிகளைப் பற்றியும் கேட்டுத்தான் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம். நாம் முதுகில் கொண்டுபோவது தண்ணீரும் மழைச்சட்டையும் கேமராவும்தான், மீதி எல்லாம், கூடாரம், அடுப்பு, சாப்பாடு, நம் தூங்கும் பை, அவர்கள் தலையிலும் தோளிலும். ஒருவருக்கு இருபது கிலோ என்பது பூங்காவின் வரம்பு, வாசலில் எடை போடுவார்கள். கூலி ஒழுங்காகப் போகிறதா, குளிர் உடை இருக்கிறதா, மூன்று வேளை சாப்பாடு உண்டா என்று கவனிக்கவே கிளிமஞ்சாரோ சுமைதூக்கிகள் உதவித் திட்டம் என்று ஓர் அமைப்பு அங்கே இருக்கிறது, அதோடு சேர்ந்து வேலை செய்யும் நிறுவனங்களின் பட்டியலிலிருந்து எடுத்தோம். செலவு கூடத்தான் செய்தது. ஓர் ஊரின் குழந்தைகளுக்கு உதவப் போகிறேன் என்று இன்னோர் ஊரின் இளைஞர்களைக் குளிரில் நடுங்க விடுவதில் என்ன தர்மம் இருக்கிறது?

போன மாதம் மறுபடி ரத்தம் கொடுத்தேன். எச்பிஏ1சி 5.8. இன்னும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போகவில்லை, மருத்துவர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "பார்டர்தான், ஆனா திரும்பி நிக்கிறீங்க" என்றார். ரத்த அழுத்தம் அவருக்குத் திருப்தியான இடத்துக்கு வந்துவிட்டது, ஆனால் உயரத்தில் ஆரம்ப நாட்களில் அது கொஞ்சம் ஏறும், அங்கே அளந்து பார்த்துப் பதறாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார். எடை நான் ஆசைப்பட்ட அளவுக்குக் குறையவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது, தராசு மட்டும் அசையாமல் நின்று வெறுப்பேற்றுகிறது. காலையில் எழும்போது நாடி முன்பைவிட மெதுவாக ஓடுகிறது.

இப்போது பயிற்சியைச் சுருக்கும் காலம். கடைசியாகச் சுமையோடு நீண்ட இறக்கம் போன வாரம் முடிந்தது, இனி புதிதாக எதையும் பலப்படுத்த முடியாது, இருப்பதைக் கெடுக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். நடக்க வேண்டாம் என்று அட்டவணை சொல்லும் நாளில் கால் துறுதுறுக்கிறது, இப்படி ஒரு நாள் வரும் என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். பெரியப்பா நேற்று பணம் அனுப்பிவிட்டார், கூடவே "முழங்கால் பத்திரம்" என்று ஒரு வரி.

நன்கொடைக் கணக்கை நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மூடுகிறேன். அறக்கட்டளை தரும் ரசீது அப்படியே எல்லோருக்கும் வரும். உச்சி வரை போனேனா, எங்கே திரும்பினேன் என்பதைத் திரும்பி வந்து எழுதுகிறேன். அடுத்த ரத்தப் பரிசோதனையின் எண்ணையும் போடச் சொல்லி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், சரி, அதையும் போடுகிறேன்.